கடனாகக் கொடுத்த சாடை

1. கேட்டுக்கு முன்னால் நின்ற கார்

மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரம். அய்யனார் கோவில் ரோட்டில் இருக்கும் என் தோட்டத்து கேட்டுக்கு முன்னால் ஒரு கார் வந்து நின்றது. நாய்கள் குரைத்தன. குரைக்கிற சத்தத்தை வைத்தே வந்திருப்பது தெரிந்த ஆளா, புது ஆளா என்று சொல்லிவிடுவேன். ராஜபாளையத்தில் நாய் வளர்க்கிறவர்கள் நூறு பேர் இருக்கலாம். இப்படிச் சொல்லக் கூடியவன் நான் ஒருத்தன்தான். தெரிந்த ஆள் என்றேன் என் மனைவி சீனியம்மாவிடம். காதர்தான் இறங்கினான்.

காதர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். சென்னையில் ஒரு வெளிநாட்டுத் துணைத் தூதரகத்தில் டிரைவர். எந்த நாடு என்று எழுத மாட்டேன். அந்த நாட்டு ஆபீசர் ஒருவர் வீட்டுக்கு நான் ஒரு நாய் கொடுத்திருந்தேன். அந்த வீட்டுக் காரைத்தான் காதர் ஓட்டினான்.

“அண்ணாச்சி, மதினியக் கூப்பிடுங்க. ஒரு ஆளக் கூட்டியாந்திருக்கேன்.”

“யாருலே?”

பின்கதவைத் திறந்தான். பால்கோவா இறங்கியது. பால்கோவா என்பது அந்த நாயின் பேர். சுத்த வெள்ளை, ரோஸ் மூக்கு, என் கையில் பிறந்த குட்டி. இப்போது முழு வளர்ச்சி. இறங்கியதும் வாலை ஆட்டவில்லை. காருக்குள் தலையை விட்டு இன்னொரு தடவை தேடிப் பார்த்துவிட்டு வந்து, நிழலில் படுத்துக்கொண்டது.

“பிள்ளைய எங்கலே?” என்று சீனியம்மா கேட்டாள். ஆபீசரின் மகள் லீனாவைத்தான் கேட்டாள். நாய் அந்தப் பிள்ளையுடையது.

“போயிட்டாங்க மதினி. ஆபீசரு, அம்மா, பிள்ள எல்லாரும் பிளேன் ஏறியாச்சு. நாட்டை விட்டே போகச் சொல்லிட்டாங்க.”

“அவியளயா? அவிய என்ன தப்பு பண்ணாங்க?”

“அவிய ஒண்ணும் பண்ணல. எங்கேயோ ஒருத்தனச் சுட்டுட்டானுவ.”

சீனியம்மா கையில் இருந்த சாம்பார்க் கரண்டியோடு அப்படியே நின்றாள். “எங்கேயோ ஒருத்தனச் சுட்டா இவியள ஏம்லே போகச் சொல்லணும்?”

காதர் என்னைப் பார்த்தான். எனக்கும் அப்போது விடை தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாததால், “அதெல்லாம் பெரிய விஷயம்டீ. நீ நாய்க்குச் சோறு வை” என்றேன்.

2. நான் யார், கைப்பூட்டு என்றால் என்ன

நாய் வளர்க்க விரும்பும் தம்பிகள் பல பேர் என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மில்லில் கழிவுப் பஞ்சு அள்ளினேன். மேஸ்திரி வீட்டில் வேண்டாம் என்று விட்ட ஒரு பெட்டை நாயைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதில் இருந்து ஆரம்பித்தது இந்தத் தோட்டம். இன்றைக்குக் கன்னியாகுமரியில் இருந்து காஷ்மீர் வரை என் நாய் நிற்கிறது. ராணுவத்தில் பெரிய பதவியில் இருந்தவர் ஒருவர் இந்தத் தோட்டத்து மரத்தடியில் எனக்காகக் காத்திருந்து குட்டி வாங்கிப் போனார். நான் அப்போது குளித்துக்கொண்டிருந்தேன். அவசரப்படவில்லை.

என் நாய்களுக்கு ஏன் இவ்வளவு நல்ல பேர் என்றால் கைப்பூட்டுதான் காரணம். இந்தப் பக்கம் மாந்தோப்பு, தென்னந்தோப்பு அதிகம். தோப்புக்குள் திருட வருகிறவன் முதலில் நாய்க்குக் கறித்துண்டில் மருந்து வைத்துப் போடுவான். எவ்வளவு வீரமான நாயும் கறியைக் கண்டால் குழைந்துவிடும். என் நாய் குழையாது. யார் கையில் என்ன நீட்டினாலும் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். தட்டில் வைத்தாலும் தொடாது. நாய்க்குச் சொந்தக்காரர் ஒரு சொல்லோ சாடையோ காட்டினால் மட்டும்தான் வாயை வைக்கும். அந்தச் சொல் அந்த ஆளுக்கும் நாய்க்கும் மட்டுமே தெரியும். பூட்டு நான் செய்து கொடுப்பேன். சாவி அவர்கள் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கே காட்டக் கூடாது. இந்தப் பழக்கத்தைக் குட்டிக்கு ஏற்றுவதற்குப் பொறுமை வேண்டும், கை சுத்தம் வேண்டும். எனக்குப் பிறகு பல பேர் காப்பியடித்துப் பார்த்தார்கள். அவர்கள் நாய்கள் இரண்டாம் நாளே பன்னுக்கு மயங்கிவிட்டன.

லீனா வந்த கதையைச் சொல்ல வேண்டும். வீட்டுக் காவலுக்கு நல்ல குட்டி வேண்டும் என்று ஆபீசர் கேட்டபோது, காதர்தான் என் பேரைச் சொல்லிக் கூட்டி வந்திருக்கிறான். வரும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிறுத்திப் பால்கோவா வாங்கிக் கொடுத்திருக்கிறான். அந்தப் பிள்ளை கையெல்லாம் பால்கோவாவோடு இறங்கியது. வெள்ளைக்காரப் பிள்ளை ஏதோ இங்கிலீஷில் பேசப் போகிறது என்று நான் பயந்துகொண்டிருந்தேன். “தாத்தா, கை கழுவணும். தண்ணி எங்க கெடக்கு?” என்று கேட்டது. கைக்குழந்தையாக இருக்கும்போதே சென்னைக்கு வந்தது. வருடக்கணக்காகக் காதர்தான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிறான். அவன் பேசுகிற தமிழ் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

குட்டிகள் எல்லாம் கம்பியில் ஏறிக் குதித்தன. ஒன்று மட்டும் மூலையில் தூங்கியது. லீனா போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. எழுப்பவில்லை. குட்டி தானாகக் கண் திறக்கும் வரை உட்கார்ந்திருந்தது.

“அது வேண்டாம் தாயி. அதுக்குக் காது கேக்காது” என்றேன். சுத்த வெள்ளையில் சில குட்டிகள் அப்படிப் பிறக்கும். சில பேர் அதை வைத்துக்கொள்ள மாட்டார்கள். நான் வைத்துக்கொள்வேன், ஆனால் வெளியே கொடுக்க மாட்டேன்.

“அப்ப நான் கத்த வேண்டாம்ல?” என்றது பிள்ளை.

ஆபீசர் சிரித்தார். நான் என் வழக்கத்தை மாற்றினேன். செவிட்டுக் குட்டிக்குச் சொல் கிடையாது, கையால் காட்டும் சாடைதான். பிள்ளையிடம் சொன்னேன்: “உன் இஷ்டத்துக்கு ஒரு சாடை வச்சுக்கோ. அப்பாவுக்குக் காட்டாதே. அம்மாவுக்குக் காட்டாதே. நானே கேட்டாலும் காட்டாதே. ராஜ்ஜியமே வந்து கேட்டாலும் காட்டக் கூடாது. காட்டிட்டா அவ வேற ஆளோட நாயாயிருவா.”

“யாருக்கும் காட்ட மாட்டேன் தாத்தா” என்றது.

அதன் பிறகு சாப்பாட்டு நேரத்தில் நாயை அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுமாம். பெற்றவர்களும் பார்த்ததில்லை, காதரும் பார்த்ததில்லை.

3. சுடப்பட்டவர்

என்ன நடந்தது என்பதை டீக்கடையில்தான் தெரிந்துகொண்டேன். அந்த நாட்டுக்காரர் ஒருவர், உளவு வேலை பார்த்தவராம், மூன்றாவதாக ஒரு நாட்டில், ரொட்டிக்கடை வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் பிடிபட்டான். அவனைக் கூலிக்கு அமர்த்தியது இந்தியாதான் என்று அந்த நாடு சொன்னது. சுத்தப் பொய் என்று நம் நாடு சொன்னது. எது நிஜம் என்று எனக்குத் தெரியாது. டீக்கடையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் ஆளுக்கொரு நிஜம் வைத்திருந்தார்கள்.

அவர்கள் நம் ஆபீசர்கள் சிலரைத் திருப்பி அனுப்பினார்கள். நாம் அதே அளவுக்கு அவர்களுடைய ஆபீசர்களை அனுப்பினோம். விசா கொடுக்கும் இடத்தைப் பூட்டினார்கள். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்கிற என் சிநேகிதர் ஒருவருக்கு, அந்த நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பிய சரக்கு துறைமுகத்தில் நின்றுவிட்டது. “புண்ணுக்குக் கட்டுற துணியில என்னய்யா அரசியல்?” என்று புலம்பினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண் அந்த நாட்டில் படிக்க இடம் வாங்கிப் பெட்டி எல்லாம் கட்டி வைத்திருந்தாள். பெட்டியை அவிழ்க்கவும் மனசில்லாமல், போகவும் வழியில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

நாய்க்கும் விசா மாதிரி ஒன்று உண்டு. கழுத்துத் தோலுக்குள் அரிசி அளவில் நம்பர் பதிந்த ஒரு சில்லு வைக்க வேண்டும். வெறிநாய்க்கடி ஊசி போட்டு, ரத்தம் எடுத்து வெளிநாட்டு லேபுக்கு அனுப்பி, பிறகு மாசக்கணக்கில் காத்திருந்தால்தான் அந்த நாட்டுக்குள் விடுவார்கள். ஆபீசருக்குச் சில நாள்தான் கொடுத்திருந்தார்கள். சில்லு மட்டும் முன்பே வைத்திருந்தார்கள். நாயை இன்னொரு ஆபீசர் வீட்டில் விடுவதாக ஏற்பாடு. கடைசியில் அவரையும் போகச் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் காதர் இங்கே கொண்டு வந்தான்.

“பிள்ளைக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியாது அண்ணாச்சி. அடுத்த பிளேன்ல நாய் வருதுன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போயிருக்காவ. பிளேன் ஏறுற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துச்சு.”

4. பட்டினி

முதல் நாள் சோறு வைத்தோம். பால்கோவா பார்த்தது, மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. எனக்கு ஒரே பெருமை.

“பாத்தியா! எம்புட்டு நாளாச்சு, பூட்டு இன்னும் அப்படியே கெடக்கு. நான் ஏத்தின பழக்கம்டீ!”

“பீத்திக்கிடாதீங்க” என்றாள் சீனியம்மா. “சாவி பிளேன் ஏறிப் போயிருச்சு.”

அடுத்த நாள் ஆட்டெலும்பு சூப் வைத்தோம். தொடவில்லை. முட்டை, தயிர்ச்சோறு, கருவாடு, ஆட்டுப்பால். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து பால்கோவா கூட வாங்கி வரச் சொன்னேன். மோந்து பார்த்தது. அந்த வாசனை அதற்கு என்னவோ ஞாபகப்படுத்தியிருக்க வேண்டும். எழுந்து கேட் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டது. தண்ணீர் மட்டும் குடித்தது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து டிரிப் ஏற்றினார். நல்ல மனுஷன். “உடம்புல ஒண்ணும் கோளாறு இல்ல அய்யா. ஆனா இதை வச்சு ரொம்ப நாள் ஓட்ட முடியாது. எப்படியாவது வாய்வழியாச் சாப்பிட வைங்க” என்றார்.

எனக்குத் தெரிந்த சாடை எல்லாம் காட்டிப் பார்த்தேன். கையை விரித்து, மூடி, கட்டைவிரலை உயர்த்தி, தலையைத் தொட்டு. சீனியம்மா மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கோவிலுக்குப் பூசாரி வேலைக்குப் போகலாம் நீங்க. எல்லா முத்திரையும் வருது.”

எத்தனையோ நாய்க்குப் பிரசவம் பார்த்தவன், பாம்பு கடித்த நாயை மீட்டவன். தட்டு நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு ஒரு நாயைப் பட்டினி போடுகிறேன் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது.

ஆபீசர் நம்பர் என்னிடம் இருந்தது. போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. திரும்பப் போட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று இல்லை. காதரிடம் அம்மா நம்பர் இருந்தது. “என்னால முடியாது அண்ணாச்சி. போனவங்களோட யாரும் பேசக் கூடாதுன்னு ஆபீஸ்ல கண்டிப்பாச் சொல்லியிருக்காங்க. எனக்கு வேலை போயிரும்” என்று கெஞ்சினான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

5. இன்ஸ்பெக்டர்

ஒரு நாள் காலையில் ஜீப் வந்தது. காதரும் அதில் இருந்தான், முகம் வெளிறிப் போய். கூட வந்தவர் சாதாரண சட்டை, பேண்ட். மதுரையில் இருந்து வந்திருக்கும் உளவுப் பிரிவு இன்ஸ்பெக்டர் என்றார்கள். என் வயசில் நான் கண்ணால் பார்த்த முதல் உளவு ஆள் அவர்தான். ஒரு நாய் அவர் செருப்பை மோந்ததும் ஜீப்புக்குள் காலைத் தூக்கிக்கொண்டார்.

“நீங்கதானே நாய்க்கார குருசாமி?”

“நாய்க்காரர்னு சொல்லணும் சார்.”

“சரி பெரியவரே. அந்தத் தூதரகத்து வண்டி இங்க வந்திருக்கு. அதுல என்ன வந்துச்சு?”

“நாய் சார்.”

“நாய்க்குள்ள என்ன இருக்கு?”

அடுப்படியில் இருந்து சீனியம்மா குரல் கொடுத்தாள். “பசி இருக்கு சார். வேணும்னா எடுத்துட்டுப் போங்க.”

“கழுத்துல ஏதோ சில்லு வச்சிருக்காங்களாமே?”

“அது வெளிநாடு போற எல்லா நாய்க்கும் வைக்கிறதுதான் சார். நம்பர் மட்டும்தான். டாக்டரக் கேட்டுப் பாருங்க.”

அவர் குறித்துக்கொண்டார். “உங்க போன்ல இருந்து அந்த நாட்டுக்கு விடாமப் போன் போயிருக்கு. எதுக்கு?”

“சாடை கேக்க சார்.”

“சாடையா? என்ன சாடை?”

“ரகசியச் சாடை.”

காதர் தலையில் அடித்துக்கொண்டான். “அண்ணாச்சி, உங்க வாயில மண்ணைப் போட! சார், அவரு நாயைப் பத்திச் சொல்லுதாரு சார். சோறு சார், சோத்துக்கு!”

பிறகு நான் ஆதியோடந்தமாகச் சொன்னேன். கைப்பூட்டைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிட்டேன். ராணுவத்துக்காரர் மரத்தடியில் காத்திருந்ததையும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் நம்புகிற மாதிரி தெரியவில்லை. ஜீப்பில் இருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துப் பால்கோவாவுக்கு நீட்டினார். அது அவரை நிமிர்ந்து பார்த்தது. எழுந்திருக்கத் தெம்பில்லை. மூஞ்சியை மட்டும் மெல்லத் திருப்பிக்கொண்டது.

அவர் குந்தி உட்கார்ந்தார். மூக்குக்குப் பக்கத்திலேயே பிஸ்கட்டை வைத்தார். பால்கோவா கண்ணை மூடிக்கொண்டது. பேண்டில் புழுதி ஆனதைக்கூடப் பார்க்காமல் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“வந்ததுல இருந்து இப்படியேவா?”

“ஆமா சார்.”

“அந்தப் பொண்ணுக்கு மட்டும்தான் தெரியுமா?”

“அதுக்கு மட்டும்தான்.”

அவர் எழுந்து நின்று ரோட்டுப் பக்கம் பார்த்தார். காதரைக் கூப்பிட்டார். “அந்தம்மாவுக்குப் போடுய்யா. வீடியோல போடு. சத்தமா வை. நான் எல்லாத்தையும் கேக்கணும்.”

“சார், எங்க ஆபீஸ்ல…”

“நான் சொல்லித்தான் பேசினேன்னு சொல்லு. இன்னொண்ணு. நான் இங்க இல்ல.”

“இங்கதானே நிக்கீய?” என்றாள் சீனியம்மா.

“இல்லைன்னு சொல்றேன்ல ஆத்தா!”

6. சுவரைப் பார்த்து நின்றது

போனில் காதர் பேர் தெரிந்ததால் அந்த அம்மா எடுத்துவிட்டார். எடுத்ததும் பதறிப் போய் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பேச முடியாது, போன் போடாதே என்கிறார் என்பது எனக்கே புரிந்தது. வைக்கப் போகிறார் என்கிற நேரத்தில் பின்னால் இருந்து சத்தம் வந்தது.

“காதர் மாமாவா? மம்மி, காதர் மாமாவா?”

லீனா முகம் போனில் தெரிந்தது. முடியை வெட்டியிருந்தார்கள். குளிருக்கு என்னென்னவோ போட்டிருந்தது.

“மாமா! பால்கோவா பிளேன் ஏறிட்டாளா?”

காதர் போனை என்னிடம் நீட்டினான். நான் சீனியம்மாவிடம் தள்ளினேன். இரண்டு ஆம்பிளைகளும் சேர்ந்து அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

“இல்ல தாயி” என்றாள் சீனியம்மா. “பிளேன்ல விடலியாம். எங்ககிட்டத்தான் இருக்கா. இங்க பாரு.”

போனைத் திருப்பிக் காட்டினாள். பிள்ளை முகத்தைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டு வந்து பார்த்தது. பிறகு மெல்ல, “ஏன் எலும்பா இருக்கா?” என்று கேட்டது.

“சாப்பிட மாட்டேங்கா தாயி. உன் சாடை எங்களுக்குத் தெரியாதுல்ல. அதைக் காட்டு, நாங்க அவளுக்குச் சோறு குடுக்கோம்.”

“காட்ட மாட்டேன்.”

நான் போனை வாங்கினேன். “லீனா, தாத்தா பேசுதேன். நானே சொல்லுதேன், காட்டிரு.”

“நீங்க கேட்டாலும் காட்டக் கூடாதுன்னு சொன்னீங்க. ராஜ்ஜியமே கேட்டாலும்னு சொன்னீங்க.” குரல் உடைந்துவிட்டது. “காட்டிட்டா அவ வேற ஆளோட நாயாயிருவா. அப்புறம் வரவே மாட்டா.”

நான் அந்த நேரத்தில் இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ பேருக்கு இந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அத்தனை பேரில் சொல்லுக்குச் சொல் அப்படியே காப்பாற்றியது இந்தப் பிள்ளைதான். அதைப் போய் நான் என்ன சொல்லி உடைப்பேன்?

“இங்க குடுங்க” என்று சீனியம்மா போனைப் பிடுங்கினாள். “தாயி, அழாத. ஆச்சி சொல்றதக் கேளு. நீ அதைக் குடுக்க வேண்டாம். கடனாக் குடு.”

“கடனாவா?”

“ஆமா. பக்கத்து வீட்டுல இட்லிச் சட்டி வாங்குவோம்ல, அது மாதிரி. வச்சிருந்துட்டுத் திருப்பிக் குடுத்துருவோம்ல? இட்லி சுட்டோம்னு சட்டி நம்மளதாயிருமா? நீ எப்ப வாரியோ அப்ப உன் சாடைய உன் கையிலயே தந்துருதேன். பொறவு எனக்கு அது தெரியாது. கடன் வாங்கின பொருள ஆச்சி கெடுத்ததில்ல. எங்க தெருவுல யாரை வேணும்னாலும் கேளு.”

பிள்ளை யோசித்தது. மூக்கை உறிஞ்சியது.

“ஆச்சிக்கு மட்டும்.”

“எனக்கு மட்டும்.”

“தாத்தா பாக்கக் கூடாது.”

“அவரத் திரும்பி நிக்கச் சொல்லுதேன்.”

“காதர் மாமாவும். வேற யாரு இருக்கா அங்க?”

இன்ஸ்பெக்டர் கையை ஆட்டினார், இல்லை என்று சொல்லச் சொல்லி. சீனியம்மா அவரையும் போனையும் பார்த்தாள்.

“இன்னொரு மாமா இருக்காரு தாயி. போலீஸ்.”

அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் போலீஸ் என்றால் எந்த ஊரிலும் தெரியும். அவர் கை குறுக்கே வந்து போன் இருட்டானது. அவ்வளவுதான், வைத்துவிட்டார் என்று நினைத்தேன். காதர் கண்ணை மூடிக்கொண்டான். அந்தப் பக்கம் தாயும் மகளும் அவர்கள் பாஷையில் பேசுகிற சத்தம் கேட்டது. பிள்ளை கெஞ்சியது, அதட்டியது, மறுபடி கெஞ்சியது. பிறகு வெளிச்சம் வந்தது.

“ஆச்சி, அந்தப் போலீஸ் மாமாவும் திரும்பி நிப்பாங்களா?”

சீனியம்மா அவரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். எதற்காக அவரை மதுரையில் இருந்து அனுப்பியிருந்தார்களோ, அந்த ரகசியச் சாடை இன்னும் செத்த நேரத்தில் அவர் கண்ணுக்கு முன்னால் வரப் போகிறது. எல்லாவற்றையும் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும் என்பது அவருடைய வேலை.

அவர் போய்ப் பம்ப்செட் ரூம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவர் பக்கத்தில் காதர், காதர் பக்கத்தில் நான். வெள்ளையடித்த சுவர். மூக்குக்கு முன்னால் ஒரு எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது. பின்னால் சீனியம்மா, “இப்படியா? கையை இப்படியா தாயி? ஓ, இப்படி” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வளையல் சத்தம் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தச் சத்தம் வந்தது. அலுமினியத் தட்டில் நாக்கு படுகிற சத்தம். முதலில் ஒரு தடவை. கொஞ்சம் நின்று இன்னொரு தடவை. பிறகு விடாமல். தட்டு தரையில் உரசி நகர்ந்தது. ஐம்பது வருஷமாக இந்தச் சத்தத்தைக் கேட்கிறேன். அன்றைக்குக் கேட்ட மாதிரி என்றைக்கும் கேட்டதில்லை.

“சாப்பிடுறா! மம்மி, சாப்பிடுறா!” என்று போனில் பிள்ளை கத்தியது. அந்த அம்மா அழுகிற சத்தமும் கேட்டது.

இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்: “திரும்பலாமா?”

“செத்த நேரம் நில்லுங்க சார். இன்னும் ஒரு வாய் குடுக்கணும்” என்றாள் சீனியம்மா. அவர் நின்றார்.

கஞ்சி குடித்துவிட்டுத்தான் போனார். ஜீப்பில் ஏறும்போது, “இதை நான் எப்படி எழுதுறது பெரியவரே?” என்று கேட்டார்.

“நடந்ததை எழுதுங்க சார்.”

“எழுதினா எவன் நம்புவான்?” என்றார். காதருக்கு ஒரு கஷ்டமும் வராமல் அவர் பார்த்துக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

7. திருப்பிக் கொடுத்தது

அதில் இருந்து தினமும் இரண்டு வேளை எனக்குத் தண்டனை. தட்டை எடுத்ததும், “அங்கிட்டுத் திரும்புங்க” என்பாள். என் தோட்டத்தில், என் கையில் பிறந்த நாய்க்குச் சோறு வைக்கும்போது நான் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் என்னிடம் மறைத்தது இது ஒன்றுதான். ஒரு நாள் முகம் பார்க்கிற கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டாள். அன்றைக்கு எனக்கும் சோறு கிடைக்கவில்லை.

ஊசி, ரத்தப் பரிசோதனை எல்லாம் நானே முன்னின்று முடித்தேன். அங்கே இரண்டு நாடுகளும் முறைத்துக்கொண்டே இருந்தன. ஒரு மழைக்காலம் போய், கோடையும் வந்தது. பிறகு எங்கேயோ ஒரு மாநாட்டில் இரண்டு பக்கத்துப் பெரிய ஆட்களும் கை குலுக்கிக்கொண்டதை டிவியில் காட்டினார்கள். சுடப்பட்டவரைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. விசா கொடுக்க ஆரம்பித்தார்கள். சிநேகிதரின் பேண்டேஜ் துணி கப்பல் ஏறியது.

மாங்காய் முடிகிற நேரத்தில் லீனாவும் அதன் அம்மாவும் வந்தார்கள். காதர்தான் கூட்டி வந்தான். எல்லா நாயும் குரைத்தது. பால்கோவாவுக்குக் கேட்காதே, அது மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளும் என்று நினைத்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. எழுப்பவில்லை. முதல் தடவை மாதிரியே, அதுவாகக் கண் திறக்கும் வரை உட்கார்ந்திருந்தது. பால்கோவா கண் திறந்து பார்த்த பிறகு நடந்ததை என்னால் எழுத முடியாது. எனக்கு எழுத்து அவ்வளவு வராது.

புறப்படுவதற்கு முன்னால் சீனியம்மா கையை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். “எல்லாரும் திரும்புங்க” என்றாள். திரும்பினோம். “தாயி, இந்தா உன் சாடை. வாங்கின மாதிரியே இருக்கா பாரு.”

“சரியா இருக்கு ஆச்சி.”

“கடன் தீந்துச்சு.”

கார்க் கதவைத் திறந்ததும் பால்கோவா ஏறவில்லை. திரும்பி வந்து சீனியம்மா முன்னால் நின்றது. இத்தனை நாள் சோறு போட்ட கையை நிமிர்ந்து பார்த்தது. இன்னொரு வாய் கொடுத்து அனுப்பலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். கண்ணீர் ஓடுகிறது, துடைக்கக் கூடக் கையை வெளியே எடுக்கவில்லை. பிள்ளை காருக்குள் இருந்து சாடை காட்டியிருக்க வேண்டும். நாய் ஏறிக்கொண்டது.

தம்பிகளுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். கைப்பூட்டு போடுங்கள், என்னைப் போலப் போட உங்களால் முடிந்தால். ஆனால் சாவியை ஒரே கையில் கொடுக்காதீர்கள். ஒரு வீட்டில் இருந்து இரண்டு பேர் வந்தால்தான் நான் இப்போது குட்டி கொடுக்கிறேன். ஒருத்தர் இந்த ஊரிலேயே இருக்கிறவராக இருக்க வேண்டும். யார் எங்கே எவரைச் சுடுவார்கள், எந்த நாடு எந்த நாட்டோடு பேசாமல் போகும் என்பது நம் கையில் இல்லை. நாய்க்கு வேளைக்குப் பசிக்கும்.

போன வாரமும் சீனியம்மாவிடம் கேட்டேன். நாய் போய்விட்டது, பிள்ளை போய்விட்டது, இனி யாருக்கு நஷ்டம், எனக்கு மட்டும் அந்தச் சாடையைக் காட்டேன் என்றேன்.

“எதை?” என்றாள். “அதான் திருப்பிக் குடுத்தாச்சே.”